ட்ரான்ஸ் டிஜே கனவு, மாசச் சம்பளம்: ரிசைன் லெட்டர் அடிக்கிறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

ஒரு ட்ரான்ஸ் ட்ராக் சாதாரணமா 6, 7 நிமிஷம் ஓடும். மெதுவா கட்டி எழுப்பி, நடுவுல எல்லாத்தையும் அடக்கி, அப்புறம் ஒரே தூக்கா தூக்குறதுதான் அந்த இசையோட அழகு. ஆனா ஸ்பாட்டிஃபை கணக்குல 30 விநாடி கேட்டாலே அது ஒரு ஸ்ட்ரீம். நீங்க மூணு வாரம் தூக்கம் கெட்டு செஞ்ச 7 நிமிஷ ட்ராக்குக்கும், ரெண்டு நிமிஷத்துல முடியற ரீல்ஸ் பாட்டுக்கும் அங்க ஒரே விலைதான்.

இன்னொண்ணு. 2024-ல இருந்து, கடந்த 12 மாசத்துல 1,000 ஸ்ட்ரீம் தாண்டாத ட்ராக்குக்கு ஸ்பாட்டிஃபை ரெக்கார்டிங் ராயல்டி தர்றதே இல்ல. தாண்டினாலும் "ஒரு ஸ்ட்ரீமுக்கு இவ்வளவு"ன்னு நிலையான ரேட் எதுவும் கிடையாது. மொத்த வருமானத்துல உங்க பங்குக்கு ஏத்த மாதிரி பிரிச்சுக் கொடுப்பாங்க. நம்ம ஊர் சந்தா வெளிநாட்டை விட ரொம்பக் கம்மி, அதனால நம்ம ஊர்க் காதுகள் கொண்டுவர்ற காசும் கம்மி. கணக்குக்காக ஒரு ஸ்ட்ரீமுக்கு 10 பைசான்னே வெச்சுக்கோங்க. ஒரு லட்சம் ஸ்ட்ரீம் போனா 10,000 ரூபாய். ஒரு லட்சம் பேர் காதுல போய் விழுந்து, ஒரு மாச வாடகை கூட வரல.

பயமுறுத்த இதை எழுதல. "சார், நான் ம்யூசிக் ப்ரொட்யூஸர் ஆகப்போறேன், வேலையை விடலாமா?"ன்னு கேக்குற நிறைய பேர் மனசுல, ட்ராக் போட்டா பணம் வரும்னு ஒரு படம் ஓடிக்கிட்டு இருக்கு. எலக்ட்ரானிக் இசையில பணம் பெரும்பாலும் வேற வாசல் வழியாத்தான் வருது. அந்த வாசல்களையும், அங்க வரி எப்படி நிக்குதுன்னும் இன்னிக்கு பார்ப்போம்.

மாத்தூர்ல இருந்து ஒரு கணக்கு

ஒரு தம்பியை வெச்சுப் பேசுவோம். இவர் ஒரே ஆள் இல்ல, எனக்கு வர்ற நாலஞ்சு கேள்விகளைச் சேர்த்துச் செஞ்ச உருவம். வயசு 26. வீடு மாத்தூர் எம்.எம்.டி.ஏ. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் ஃப்ரெயிட் ஸ்டேஷன்ல டாக்குமெண்டேஷன் வேலை. கைக்கு வர்றது 34,000. வீட்டுக்கு 18,000 கொடுக்கிறார், சொந்தச் செலவு 8,000, மிச்சம் 8,000. ராத்திரி 11 மணிக்கு மேல லேப்டாப், ஹெட்ஃபோன், எஃப்.எல். ஸ்டூடியோ. ஸ்பீக்கர் போட்டா பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். போடலைன்னாலும் மெயின் ரோட்ல போற ட்ரெய்லர் லாரியோட பேஸ் வீட்டுக்குள்ள வந்துடும்.

இவர் ஆசை: 3 லட்சம் பர்சனல் லோன் போட்டு நல்ல டிஜே செட்டப், ஸ்டூடியோ மானிட்டர் எல்லாம் வாங்கிட்டு, வேலையை விட்டுடறது.

14% வட்டி, 3 வருஷம்னா இஎம்ஐ சுமார் 10,250. வட்டி மட்டும் மொத்தமா 69,000 பக்கம். இங்கேயே நிறுத்திப் பாருங்க. வேலையில இருக்கும்போதே அவர் மிச்சம் 8,000 தான். அதாவது வேலையை விடாமலே மாசம் 2,250 துண்டு விழுது. அந்தத் துண்டை யார் கட்டுவா? கிரெடிட் கார்டு. கார்டு பாக்கியை உருட்ட ஆரம்பிச்சா மாசம் மூணு, மூணரை பர்சென்ட் வட்டி, அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி.

சரி, வேலையை விட்டார்னு வெச்சுக்கோங்க. மாசம் தேவை 18,000 + 8,000 + 10,250 = 36,250. நம்ம பக்கம் ட்ரான்ஸ் மட்டும் வாசிச்சு மாசா மாசம் காசு பார்க்கிற இடம் அரிது. கைக்கு உடனே கிடைக்கிறது கல்யாண ரிசப்ஷன், பிறந்தநாள், காலேஜ் ஃபங்ஷன், ஆபீஸ் ஆண்டு விழா. அங்க 138 பிபிஎம்ல ஒரு அழகான ப்ரேக்டவுன் போட்டா, மாப்பிள்ளையோட மாமா மேடைக்கு வந்து "தம்பி, குத்துப் பாட்டு இல்லியா?"ன்னு கேப்பார். கேக்கட்டும், அவர்தான் வாடிக்கையாளர்.

ஒரு ரிசப்ஷனுக்கு 8,000 கிடைச்சு, வண்டி, உதவிக்கு ஒரு ஆள்னு 2,000 போனா மிச்சம் 6,000. மாசம் 36,250-ன்னா வருஷத்துக்கு 4,35,000. அதுக்கு 73 நிகழ்ச்சி வேணும். 73-ஐ 12-ஆல வகுக்காதீங்க! ஆடியிலயும் மார்கழியிலயும் நம்ம வீடுகள்ல கல்யாணம் வைக்க மாட்டாங்க. மிச்சம் 10 மாசத்துல, மாசத்துக்கு ஏழுக்கு மேல. முகூர்த்த நாளோ மாசத்துல கொஞ்சம்தான், எல்லாருக்கும் அதே ஞாயித்துக்கிழமை வேணும், ஒரே ஆள் ஒரே நாள்ல ரெண்டு மண்டபத்துல நிக்க முடியாது. கனவுக்கும் கணக்குக்கும் நடுவுல இருக்கிறது திறமை இல்ல, காலண்டர்.

நேரமும் கம்மி. 2000-ம் வருஷ ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10-ல இருந்து காலையில 6 வரைக்கும் திறந்தவெளியில ஒலிபெருக்கி கூடாது. வருஷத்துக்கு அதிகபட்சம் 15 நாள், கலாச்சார, மத விழாக்களுக்கு 12 மணி வரைக்கும் மாநில அரசு தளர்வு கொடுக்கலாம், அவ்வளவுதான். குடியிருப்புப் பகுதியோட ராத்திரி வரம்பு 45 டெசிபெல். ட்ரான்ஸோ நடுராத்திரி இசை.

முதல்ல வாடகைக்கு விடுற பொருள் வாங்குங்க

இந்த இடத்துல நமக்கு ரொம்பத் தெரிஞ்ச ஒருத்தரோட கதையைப் பணக் கண்ணால பார்க்கலாம். ஏ.ஆர். ரஹ்மானோட அப்பா ஆர்.கே. சேகர் இறந்தப்போ ரஹ்மானுக்கு 9 வயசு. அப்பா விட்டுட்டுப் போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் சமாளிச்சது. கீபோர்டு அவங்க வீட்டுல அலங்காரப் பொருள் இல்ல, மாச வருமானம் தர்ற சொத்து. அப்புறம் அவர் மத்த இசையமைப்பாளர்கள்கிட்ட கீபோர்டு வாசிச்சார், வருஷக்கணக்கா விளம்பர ஜிங்கிள் போட்டார், வீட்டோட சேர்ந்து ஒரு ஸ்டூடியோ கட்டினார். 'ரோஜா' வந்தது 1992-ல. அதுக்கு முன்னாடி இருந்த அந்த ஜிங்கிள் வருஷங்களைப் பத்தி நாம பேசறதே இல்ல. முப்பது விநாடி வேலை, கையில பணம், அடுத்த வேலை. ஸ்டூடியோ அப்படி ஓடிச்சு.

சினிமாவுக்கு வெளிய இன்னொரு கதை. சரண்ஜித் சிங்னு மும்பையில ஒரு கலைஞர். இந்தி சினிமா ரெக்கார்டிங்ல வாசிப்பார், கல்யாணங்கள்லயும் வாசிப்பார். 1982-ல ரோலண்ட் டிஆர்-808, டிபி-303, ஜூப்பிட்டர்-8 மூணையும் வெச்சு, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்துல போட்டு ஒரு ஆல்பம் பண்ணார். அப்போ அது விக்கல. 2010-ல ஒரு டச்சு லேபிள் அதை மறுவெளியீடு பண்ணப்போதான், ஆசிட் ஹவுஸ்னு ஒரு இசை பிறக்கிறதுக்கு முன்னாடியே இந்த மனுஷன் அதே சத்தத்தைப் பிடிச்சிருந்தார்னு உலகம் அதிசயப்பட்டுச்சு. அதுக்கப்புறம் ஐரோப்பாவுல மேடை ஏறினார், 2015-ல காலமானார். 28 வருஷம் கழிச்சு வந்த புகழ். அந்த 28 வருஷமும் அரிசி வாங்கினது எந்தக் காசுல? வாசிக்கப் போன காசுலதான்.

ட்ரான்ஸ்லயே பெரிய பேர் அர்மின் வான் புரன். டிஜே மேக் பட்டியல்ல 5 தடவை முதலிடம். இவர் லைடன் பல்கலைக்கழகத்துல சட்டம் படிச்சார். ஹிட் ட்ராக் கொடுத்து, 2001-ல வாராந்திர ரேடியோ நிகழ்ச்சி ஆரம்பிச்சு, ஊர் ஊரா வாசிச்சுக்கிட்டு இருந்தவர், படிப்பை விடாம 2003-ல பட்டம் வாங்கினார். அதே வருஷம்தான் அர்மாடா லேபிளைச் சேர்ந்து தொடங்கினார். "எல்லாத்தையும் விட்டுட்டு ஒரே கனவு"ன்னு மோட்டிவேஷன் வீடியோவுல சொல்றாங்களே, உச்சியில இருக்கிறவரே அப்படிப் பண்ணல.

சரி, நம்ம தம்பி என்ன வாங்கணும்? பெரிய க்ளப்கள்ல சிடிஜே ப்ளேயரும் மிக்ஸரும் அவங்களே வெச்சிருப்பாங்க. நீங்க ரெகார்ட்பாக்ஸ்ல தயார் பண்ணின ஒரு பென்டிரைவும் ஹெட்ஃபோனும் எடுத்துட்டுப் போனா போதும். அதனால லட்சக்கணக்குல சிடிஜே வாங்குற வேலையே வேண்டாம். பழக, ரிசப்ஷன் வாசிக்க, ஒரு ஆரம்ப நிலை கன்ட்ரோலர், முடிஞ்சா செகண்ட் ஹேண்ட். மாசம் மிச்சமாகுற 8,000-ல நாலஞ்சு மாசத்துல ரொக்கமாவே வாங்கிடலாம். ஸ்பீக்கரையும் லைட்டையும் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி வாடகைக்கு எடுத்து, அந்தச் செலவை ரேட்டுல சேர்த்துடுங்க. வருஷத்துக்கு 30, 40 தடவை வாடகை கட்டுற நிலைமை வந்தா அப்போ சொந்தமா வாங்குறதைப் பத்தி யோசிங்க. வாங்கினா, நீங்க வாசிக்காத நாள்ல அது வெளிய வாடகைக்குப் போகணும்.

சாஃப்ட்வேர்ல ஒரு நல்ல விஷயம். எஃப்.எல். ஸ்டூடியோ ஒரு தடவை வாங்கினா வாழ்நாள் முழுக்க அப்டேட் இலவசம். சில சிந்த் ப்ளகின்களை மாசத் தவணையா வாடகை கட்டி, கடைசியில சொந்தமாக்கிக்கிற வசதியும் இருக்கு. கிராக் வெர்ஷன் வேண்டாம். அதுல வர்ற வைரஸ் உங்க நெட்பேங்கிங் இருக்கிற லேப்டாப்புக்குத்தான் வருது. போக, செலவுக் கணக்குல காட்ட பில்லும் இருக்காது.

வரி: இங்கதான் நிறைய பேர் அடி வாங்குறாங்க

கீழ இருக்கிறது 2025-26 நிதியாண்டுக்கான கணக்கு, புது வரி முறை. 2026 ஏப்ரல் 1-ல இருந்து 2025-ம் வருஷ வருமான வரிச் சட்டம் அமலுக்கு வர்றதால பிரிவு எண்கள் மாறும். அதனால எண்ணைவிட விஷயத்தைப் பிடிச்சுக்கோங்க.

நம்ம மாத்தூர் தம்பிக்கு வரி பயமே தேவையில்ல. சம்பளம் வருஷத்துக்கு 4.6 லட்சம், அதுல 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கழிச்சு 3.85 லட்சம். டிஜே லாபம் ஒரு 2 லட்சம் சேர்ந்தாலும் 5.85 லட்சம். 12 லட்சம் வரைக்கும் 87ஏ தள்ளுபடி இருக்கு, கட்ட வேண்டிய வரி பூஜ்யம். ஆனா ரிட்டர்ன் போடணும். ஏன்னா, ஈவென்ட் கம்பெனி ஒரு வருஷத்துல 50,000-க்கு மேல ப்ரொஃபஷனல் ஃபீஸ் கொடுத்தா 194ஜே-ல 10% டிடிஎஸ் பிடிக்கணும். 60,000 கொடுத்தா 6,000 பிடிச்சுட்டு 54,000 வரும். அந்த 6,000 உங்க காசு. ரிட்டர்ன் போட்டாத்தான் திரும்பி வரும். சிலர் இதைக் கான்ட்ராக்ட்னு எடுத்து 194சி-ல 1% பிடிப்பாங்க. எதுவா இருந்தாலும் 26ஏஎஸ்-லயும் ஏஐஎஸ்-லயும் உங்க பான் நம்பர்ல ஏறியிருக்கான்னு பாருங்க. பிடிச்சுட்டு கட்டாம விட்ட பார்ட்டிகளை நான் பார்த்திருக்கேன்.

இப்போ ஓ.எம்.ஆர்.ல 12.75 லட்சம் சம்பளம் வாங்குற வாசகர் கவனிங்க. உங்க கணக்கு வேற மாதிரி. 75,000 போனா சரியா 12 லட்சம், வரி பூஜ்யம். வீக்கெண்ட் டிஜே வேலையில 1 லட்சம் லாபம் வந்துச்சுன்னு வைங்க. மொத்தம் 13 லட்சம். தள்ளுபடி முழுசா போயிடும். வரி 75,000, செஸ் 3,000, ஆக 78,000. ஒரு லட்சம் சம்பாதிச்சதுல கையில நிக்கிறது 22,000!

லாபம் 60,000 மட்டும்னா இன்னும் வேடிக்கை. ஸ்லாப்படி வரி 69,000 வரும். மார்ஜினல் ரிலீஃப் இருக்கிறதால 12 லட்சத்துக்கு மேல போன 60,000-த்தோட நிறுத்திக்குவாங்க, அதுமேல செஸ் 2,400. வருஷம் பூரா தூக்கம் முழிச்சு வாசிச்சுட்டு, கையில இருந்து 2,400 கொடுத்துட்டு வர்றீங்க. இந்த எல்லையில நிக்கிறவங்க நிகழ்ச்சிக்கு ஒத்துக்கிறதுக்கு முன்னாடியே கணக்குப் போடுங்க. உண்மையான செலவுகள் எல்லாத்தையும் பில்லோட வைங்க. சாஃப்ட்வேர், வண்டி, வாடகைக் கருவி, உதவியாளர் கூலி எல்லாம் கழியும். கம்ப்யூட்டருக்கும் அதுல போடுற சாஃப்ட்வேருக்கும் 40%, மத்த கருவிகளுக்கு 15% தேய்மானம். வருஷத்துல 180 நாளைக்குக் கம்மியா பயன்படுத்தியிருந்தா அதுல பாதி.

"சார், 44ஏடிஏ-ல பாதி வருமானத்தை மட்டும் காட்டலாமாமே?" அடிக்கடி வர்ற கேள்வி. அந்தப் பிரிவு சட்டம் பட்டியல் போட்டிருக்கிற தொழில்களுக்கு மட்டும். வக்கீல், டாக்டர், இன்ஜினியர், எங்களை மாதிரி ஆடிட்டர், அப்புறம் சினிமாக் கலைஞர்கள். சினிமாவுக்கு இசையமைக்கிறவர், பாடுறவர் எல்லாம் அதுல வர்றாங்க. ரிசப்ஷன்ல வாசிக்கிற டிஜேன்னு அந்தப் பட்டியல்ல இல்ல. யாரோ நண்பர் போட்டாருன்னு நீங்களும் போடாதீங்க. உண்மையான வரவு செலவை எழுதி ஐடிஆர்-3 போடுறதுதான் என் யோசனை. கண்டிப்பா ஐடிஆர்-1 இல்ல. தொழில் வருமானம் ஒரு ரூபாய் இருந்தாலும் அந்த ஃபார்ம் உங்களுக்குக் கிடையாது.

ஜிஎஸ்டி பத்தி ரெண்டே வார்த்தை. டிஜே வரவு வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினாத்தான் ரெஜிஸ்ட்ரேஷன். சம்பளம் இந்தக் கணக்குல சேராது. பெங்களூருக்கோ கோவாவுக்கோ போய் வாசிச்சாலும் இதே 20 லட்சம்தான். தாண்டிட்டா 18%. இங்க எனக்கு ஒரு சின்ன வருத்தம். நாட்டுப்புற, செவ்வியல் இசைக் கலைஞர்களுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 1.5 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ட்ரான்ஸ் இது ரெண்டுலயும் சேராது. ராகம் வெச்சு ட்ரான்ஸ் பண்ணினா என்னன்னு ஆபீசர்கிட்ட வாதாட ஆசையாத்தான் இருக்கு, ஆனா உங்க காசுல அதைப் பரிசோதிக்க மாட்டேன்.

வெளிநாட்டுக் காசு வந்தா இன்னொரு நுணுக்கம். அமெரிக்க ரசிகர்கள்கிட்ட இருந்து வர்ற யூட்யூப் வருமானத்துக்கு அங்க வரி பிடிப்பாங்க. டபிள்யூ-8பென் ஃபார்ம் கொடுத்து, நம்ம நாட்டோட இருக்கிற ஒப்பந்தத்தைக் காட்டினா ராயல்டிக்கு 15%. கொடுக்கலைன்னா அதைவிட அதிகம். இங்க ஃபார்ம் 67 போட்டு அதைக் கழிச்சுக்கலாம். ஆனா இங்க உங்க வரியே பூஜ்யம்னா கழிக்க எதுவும் இல்ல, அந்த 15% போனது போனதுதான். உள்ளூர் டிடிஎஸ் மாதிரி ரீஃபண்டா வராது.

கையெழுத்துப் போடுற இடங்கள்

முதல் காகிதம் உங்க ஆபீஸ் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். வேற வேலை பார்க்கக் கூடாதுன்னு ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். 2022-ல விப்ரோ 300 பேரை மூன்லைட்டிங்னு வேலையை விட்டு எடுத்தது ஞாபகம் இருக்கும். அது போட்டிக் கம்பெனிகளுக்கு வேலை பார்த்த விவகாரம், டிஜே வேற. இருந்தாலும் எச்.ஆர்.கிட்ட ஒரு மெயில் போட்டு எழுத்துல அனுமதி வாங்கிடுங்க. ஆபீஸ் லேப்டாப்ல ட்ராக் பண்ணாதீங்க. ராத்திரி வீட்டுல சொந்த மெஷின்ல செஞ்ச இசை உங்களோடது. அதை நாளைக்கு யாரும் கேள்வி கேக்க இடம் வைக்காதீங்க.

அடுத்தது லேபிள் ஒப்பந்தம். டான்ஸ் ம்யூசிக் லேபிள்கள்ல பாதிக்குப் பாதி பங்கு சகஜம். ஆனா "நிகர வருமானத்துல பாதி"ன்னு இருக்கும். மாஸ்டரிங், ப்ரமோஷன், அட்டைப்படம் எல்லாம் கழிச்சதுக்கு அப்புறம் பாதி. எதெது கழியும், எவ்வளவு வரைக்கும் கழியும்னு கேட்டு எழுத்துல வாங்குங்க. நம்ம நாட்டுல 2012 காப்புரிமைத் திருத்தத்துக்கு அப்புறம், இசையமைப்பாளரோட ராயல்டி உரிமையை மொத்தமா எழுதி வாங்கிட முடியாது. வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் மாத்தலாம். வெளிநாட்டு லேபிள்னா ஒப்பந்தத்துல அவங்க நாட்டுச் சட்டம் போட்டிருப்பாங்க, அதையும் பாருங்க.

ராயல்டியில ரெண்டு ஓடை இருக்கு, பலருக்கும் ஒண்ணுதான் தெரியும். டிஸ்ட்ரிபியூட்டர் வழியா வர்றது ஒலிப்பதிவுக்கான காசு. அந்த மெட்டுக்கான காசு தனி, அது ஐ.பி.ஆர்.எஸ். வழியா வரும். அங்க உறுப்பினர் ஆகாம இருந்தா அந்தக் காசு உங்க வாசலுக்கு வராது.

சினிமாப் பாட்டு ரீமிக்ஸ் போட்டு யூட்யூப்ல ஏத்துறவங்களுக்கு: வ்யூஸ் உங்களுக்கு, பணம் பாட்டோட உரிமையாளருக்கு. விளம்பரமா நினைச்சுப் போட்டா பரவாயில்ல, வருமானமா நினைக்காதீங்க.

மூணாவது ஈவென்ட் கம்பெனி. பாதிப் பணம் அட்வான்ஸ், மீதி மேடை ஏறுறதுக்கு முன்னாடி. தேதி, நேரம், தொகை, பொது இடத்துல பாட்டு வாசிக்கிற லைசென்ஸ் யார் பொறுப்பு, இதெல்லாம் வாட்ஸாப்லயாவது எழுத்துல இருக்கட்டும். "அடுத்த வாரம் தர்றேன் பாஸ்"னு இழுக்கிறவங்களுக்கு ஒரு மருந்து இருக்கு, உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன். ஆன்லைன்ல இலவசம். நீங்க குறுந்தொழிலா பதிவாகியிருந்தா, எழுத்துல ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள், இருந்தா அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பணம் கொடுத்தாகணும். தாண்டினா அந்தக் கம்பெனிக்கு அந்த வருஷம் அந்தச் செலவைக் கழிக்க முடியாது, கட்டுற வருஷத்துலதான் கழிக்கலாம். 43பி(எச்)-னு அவங்க ஆடிட்டருக்கு நல்லாத் தெரியும். இன்வாய்ஸ்ல உத்யம் நம்பரைப் பெரிய எழுத்துல போடுங்க. மார்ச் மாசம் அந்த ஆடிட்டரே உங்களுக்காக அவங்க அக்கவுன்ட்ஸ் ஆளைக் கூப்பிடுவார்.

எப்போ விடலாம்?

விடவே கூடாதுன்னு நான் சொல்லல. மாத்தூர் தம்பிக்கு நான் வைக்கிற அளவுகோல் இது. இசைக்குன்னு தனி சேவிங்ஸ் அக்கவுண்ட். எல்லா வரவும் அங்க, எல்லாக் கருவிச் செலவும் அங்கிருந்து. சம்பளம் அதுக்குள்ள போகக் கூடாது, ஆரம்பத்துல அந்தக் கன்ட்ரோலரைத் தவிர. ஆடி, மார்கழி ரெண்டையும் சேர்த்து முழுசா 12 மாசம் ஓட்டணும். அந்த 12 மாசச் சராசரி லாபம் அவரோட மாசச் செலவு 26,000-ல ஒன்றரை மடங்கு, அதாவது 39,000 வந்துச்சுன்னா பேசலாம். அதோட 12 மாசச் செலவு, 3,12,000, எஃப்டியிலயோ லிக்விட் ஃபண்டிலயோ தனியா இருக்கணும். மாசச் சம்பளக்காரருக்கு 6 மாசம் போதும்னு வழக்கமா சொல்வேன். இந்தத் தொழிலுக்கு 12. கொரோனா ஊரடங்குல ஒட்டுமொத்தமா நின்னுபோன தொழில்கள்ல மேடையும் ஒண்ணு.

இதுக்கெல்லாம் ரெண்டு மூணு வருஷம் ஆகும்தான். அந்த ரெண்டு மூணு வருஷமும் ரிட்டர்ன்ல டிஜே வருமானத்தைக் காட்டிக்கிட்டே வாங்க. சுயதொழில்காரருக்கு வீட்டுக்கடன் கொடுக்க பேங்க் பொதுவா ரெண்டு, மூணு வருஷ ரிட்டர்ன் கேக்கும். வேலையை விட்ட அடுத்த மாசம் போய் நின்னா, உங்க ட்ராக் எவ்வளவு நல்லா இருக்குன்னு மேனேஜர் கேட்டுப் பார்க்க மாட்டார்.

பிஎஃப்-ஐ எடுத்து ஸ்பீக்கர் வாங்காதீங்க. 5 வருஷத் தொடர் சேவைக்கு முன்னாடி எடுத்தா அதுக்கு வரி வேற.

ஆபீஸ் மெடிக்கல் இன்ஷூரன்ஸ், கடைசி வேலை நாளோட பெரும்பாலும் முடிஞ்சுடும். அதனால வேலையில இருக்கும்போதே சொந்தமா ஒரு பாலிசி எடுத்துடுங்க. ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருப்புக் காலம் இருக்கலாம். அந்தக் கடிகாரம் இப்பவே ஓட ஆரம்பிக்கட்டும். 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் ஹெல்த் பாலிசி ப்ரீமியத்துக்கு ஜிஎஸ்டியும் இல்ல.

கடைசியா காது. எந்த பாலன்ஸ் ஷீட்லயும் வராத சொத்து. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷோட அளவுப்படி 85 டெசிபெல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்ல வெறும் 15 நிமிஷம். மண்டபத்துல ஸ்பீக்கர் பக்கத்துல மூணு மணி நேரம் நிக்கிற ஆளுக்கு இது என்ன கணக்குன்னு நீங்களே பாருங்க. இசைக்கலைஞர்களுக்குன்னே சத்தத்தை மட்டும் குறைச்சு, தெளிவைக் கெடுக்காத காதடைப்பான் இருக்கு. கன்ட்ரோலருக்கு முன்னாடி அதை வாங்குங்க, பில்லைப் பத்திரமா வைங்க. அதுவும் தொழில் செலவுதான்.